தூதர் வீட்டில் ஓர் இருமல்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். என் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. உன் உடம்பைப் பற்றி 'நலமே' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று பிரித்து எழுது.

நீ போப்பாண்டவரின் தூதராக அந்த நாட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. குருமடத்தில் இருபத்திரண்டு வருடம் இறையியல் கற்பித்தவனை, எந்த நிலையிலும் யாருக்காகவும் பொய் சொல்லலாகாது என்று முந்நூறு பக்கம் எழுதியவனை, தூதர் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன் அத்தான் இருந்திருந்தால், "உன் தம்பி அங்க போய், அமைச்சர் சட்டையில கறை இருக்குன்னு அமைச்சர்கிட்டயே சொல்லிட்டு மறுநாளே மூட்டையைக் கட்டிடுவான்" என்று சொல்லிச் சிரித்திருப்பார். கீழே கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம் மருமகள் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் நான் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

என் கடிதங்களை இங்குள்ள ஆயர் இல்லத்தில் கொடுத்தால் தூதரகப் பையில் முத்திரையிட்டு உன்னிடம் வந்து சேரும் என்று எழுதியிருந்தாய். அந்தப் பை அலுவலுக்கானது. அக்கா தம்பி முழங்கால் வலி பேசுவதற்கு அல்ல. நீ தலைமையகத்துக்குப் பையில் அனுப்பி அங்கிருந்து எனக்குத் தபாலில் வரச்செய்வது உன் மனச்சாட்சியின் பாடு. நான் தபால்தலை ஒட்டித்தான் அனுப்புவேன்.

நீ குருமடத்தில் சேர்ந்த நாளிலிருந்து நீ எழுதும் ஒவ்வொன்றையும் வரி வரியாகப் பார்த்துப் பிழை குறித்து அனுப்பி வருகிறேன். நீ இப்போது பேராயர் என்பதற்காக விலக்கு இல்லை.

பிழைகள்: 1. வரவேற்பறையில் ஆறு நாற்காலி என்று ஓரிடத்தில், எட்டு என்று மற்றோரிடத்தில். 2. வீட்டுக்கு வந்த நாள் செவ்வாய் அல்ல, புதன். உன் முந்தைய கடிதத்தைப் பார்.

உன் அக்கா


பிப்ரவரி 3

மதிப்பும் அன்பும் நிறைந்த அக்காவுக்கு,

நாற்காலிகள் எட்டு. இன்று எண்ணினேன். தூக்கம் குறைவு, பசி உண்டு, மூச்சு வாங்கவில்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் போதாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

இது பெரிய வீடு. கீழே வரவேற்பறையும் அலுவலகமும், மேலே ஐந்து அறைகள். சமையல்காரர் முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். எனக்கு ஒருவனுக்குச் சமைத்தாலும் நாற்பது பேருக்குச் சமைத்துவிடுவார். செயலர் குருவை நீண்ட விடுப்பில் அனுப்பியிருக்கிறேன். அவருடைய அங்கியும் அடையாளத் தாள்களும் அலமாரியில் இருக்கின்றன. வேறு பணியாளர் இல்லை.

செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இராணுவம் வானொலி நிலையத்தைப் பிடித்து மூன்று வாரம் ஆகிறது. கடைகள் நான்கு மணிக்கே மூடிவிடுகின்றன. தெருமுனையில் ஒரு லாரி நிற்கிறது. அதில் இருப்பவர்கள் எதையும் செய்வதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள். வியாழன்தோறும் வெளியுறவு அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. குடைக்காரர் என்று சமையல்காரர் பெயர் வைத்திருக்கிறார். தேநீர் குடிப்பார், என் நூலைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார்.

ஒரு சிறு விஷயம். நண்பர் ஒருவரின் குழந்தைக்கு இருமல். பெண் குழந்தை, எட்டு மாதம். மாடியில் அது இருமத் தொடங்கினால் நாங்கள் மூவரும் படிக்கட்டில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். மருத்துவரைக் கூப்பிடுவது இப்போதைக்கு வசதிப்படாது. நீங்கள் பிள்ளை வளர்த்தவர், மருந்துக்கடைக்காரரின் மனைவி. என்ன செய்யலாம்?

பதிலை இந்த ஒரு முறையாவது பையில் அனுப்புங்கள், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

முதலில் குழந்தை. தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளவேண்டும், மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீரின் ஆவி அறையில் பரவட்டும். பாத்திரத்தைக் குழந்தைக்கு அருகில் கொண்டுபோகாதே. கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு கரண்டி, அரை மணிக்கு ஒரு முறை. தேன் கொடுக்காதே. ஒரு வயதுக்கு முன் தேன் ஆகாது என்பதில் உன் அத்தான் கண்டிப்பாக இருந்தார். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் குழி விழுந்தால் வசதி பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடு.

பை விஷயத்தில் என் முடிவு மாறவில்லை. கெஞ்சினால் விதி மாறிவிடும் என்று உன் நூலில் எங்கும் இல்லை.

பிழைகள்: 1. தொடக்கத்தில் 'நண்பரின் குழந்தை' என்கிறாய். அடுத்த வரியில் அது மாடியில் இருமுகிறது. யார் வீட்டு மாடி? 2. 'நாங்கள் மூவரும்' என்கிறாய். நீயும் சமையல்காரரும் இரண்டு பேர். செயலர் விடுப்பில் என்று நீயே எழுதியிருக்கிறாய். மூன்றாமவர் யார்? 3. குழந்தை என்றால் தாய் இருக்கவேண்டும். அவளை எங்கே விட்டாய்?

உனக்கு மறைக்கத் தெரியாது. முயற்சி செய்யாதே.

உன் அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை. மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவரவில்லை. வியாழக்கிழமை குடைக்காரர் கொண்டுவந்தார். தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க அக்கா கடிதம். தவறுதலா பிரிஞ்சிடுச்சு."

"எல்லாக் கடிதமும் தவறுதலாத்தான் பிரியுதா?" என்றேன்.

"சிலது வேணும்னே பிரியும்" என்று சிரித்தார். "படிக்கத் தனியா ஆள் வச்சிருக்கோம். உங்க அக்காவோட பிழைப்பட்டியல் பிரமாதம். நாங்க மூணு பேர் உக்காந்து கண்டுபிடிக்க வேண்டியதை அவங்க மூணு வரியில எழுதிட்டாங்க."

இனி மறைப்பதில் பொருளில்லை. மூன்றாமவர் இங்கே ஒரு நாளிதழில் பிழைதிருத்துபவராக இருந்தவர். உங்கள் வேலைதான். காணாமல் போனவர்களின் பெயர்கள் அச்சுக்கு வந்தபோது, நீக்கச் சொன்ன பட்டியலை நீக்காமல் விட்டுவிட்டார். அவரைத் தேடி வந்தவர்கள் அவர் கிடைக்காததால் மனைவியைக் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தையை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு தோட்டக் கதவு வழியாக என்னிடம் வந்தார்.

குடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க வீட்டுக்குள்ள வந்து தேட எங்களுக்கு உரிமை இல்ல, பேராயரே. ஆனா கேக்கலாமில்ல? உங்க புத்தகத்த ரெண்டு தடவை படிச்சேன். உயிரே போனாலும் பொய் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் தேடுறது எதுக்கு? கேட்டாலே போதும்."

"பதில் சொல்லலைன்னா?"

"அதுவும் பதில்தானே."

முறைப்படி எழுத்தில் கேட்க மேலிடத்துக் கையொப்பம் வேண்டுமாம். அதற்கு ஒரு மாதம் ஆகுமாம். ஏப்ரல் 10, வியாழன், காலை பத்து மணிக்கு வருகிறார். 'இருக்கிறார்' என்றால் வீட்டைச் சுற்றி ஆளை நிறுத்தித் தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டுவார்கள். பக்கத்துத் தூதரகம் ஒன்றில் அதைத்தான் செய்தார்கள். குழந்தை எத்தனை நாள் தாங்கும்? 'இல்லை' என்றால் நான் பொய்யன். நான் மட்டுமல்ல, என்னை அனுப்பியவரின் பெயராலும் பொய்.

பயமாக இருக்கிறது, அக்கா. குழந்தைக்குத் தேன் கொடுக்கவில்லை.

தம்பி


மார்ச் 24 (ஆயர் இல்லம் வழியாக, பையில்)

அன்புள்ள தம்பிக்கு,

பையில் அனுப்புகிறேன். ஆயர் இல்லத்து எழுத்தரிடம் நானே நேரில் போய்க் கொடுப்பேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிட்டேன். இனி வருவதையும் எரிப்பேன். தபால்தலையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டியபோது எனக்கு என்ன ஒரு திருப்தி! நேர்மையாக இருக்கிறேன் என்ற திருப்தி. அந்தத் தபால்தலையால் ஒரு குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் நூலின் ஏழாம் அதிகாரத்தின் கடைசியில் நீ நான்கு வரி எழுதியிருந்தாய். 'ஒரு குழந்தை என் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, கொலைகாரன் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.' சுத்தப் பிரதி எடுத்தவள் நான். ஆசிரியன் தெரியவில்லை என்று எழுதக் கூடாது என்று அந்த நான்கு வரியையும் அடித்தேன். நீ பார்த்தாய், பேசாமல் கையெழுத்துப் போட்டாய். அக்காவுக்குப் பயந்துதானே? குடைக்காரர் இரண்டு தடவை படித்தது என்னுடைய கண்டிப்பை. உன்னுடையதை அல்ல.

ஆகவே சொல்கிறேன். பத்தாம் தேதி அவர் கேட்டால் 'இல்லை' என்று சொல். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

அவர்கள் பார்த்தது என் கடிதத்தை மட்டும். உன் கடிதம் பையில் வந்தது, அவர்கள் கண்ணில் படவில்லை. ஆகவே கெடுத்ததை நானே சரிசெய்ய முடியும். நாளை சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் போடுகிறேன். வழியில் பிரிப்பார்கள், பிரிக்கட்டும். அதைப் படித்து நீ பயப்படாதே. எனக்கு ஒன்றுமில்லை.

உன் அக்கா


மார்ச் 25 அல்லது 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தானும் நலம். கீழே கடையில் இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். குருமடத்தில் எப்போது விடுமுறை விடுகிறார்கள்? வரும்போது போர்வையைத் துவைக்க எடுத்துவா.

மகனுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. எட்டு மாதம்தானே ஆகிறது, பாவம். மாடியில் படுத்திருக்கிறான். நீயும் அத்தானும் நானும் படிக்கட்டில் நின்றோமே, நினைவிருக்கிறதா? நான் உன்னிடம் ஏதோ கேட்டு எழுதினேன். நீ எழுதியதற்குப் பதிலா, நானாக எழுதினேனா தெரியவில்லை. கடிதத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. இந்த வீட்டில் யாரோ ஒரு பெண் நடமாடுகிறாள். என்னை அத்தை என்று கூப்பிடுகிறாள். நல்ல பெண்தான்.

தேன் கொடுக்காதே.

பிழைகள்: ஒன்றும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 5 (பையில்)

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. புத்தியும் அப்படியே இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று, நீ இருக்கும் நாட்டின் இங்குள்ள துணைத்தூதரகத்திலிருந்து ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் கறுப்புக் கோப்பு. பேராயரின் குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறார்களாம். முதலில் கடையில் விசாரித்திருக்கிறார். மருமகள் பெருமையோடு மாடிக்கு அழைத்துவந்தாள். எதற்கு வந்திருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன்.

"உக்காருங்க டாக்டர்" என்றேன்.

"நான் டாக்டர் இல்லம்மா."

"உக்காருங்க டாக்டர். மாத்திரை கொண்டாந்தீங்களா?"

"உங்க தம்பி உங்களுக்கு ஒரு குழந்தையைப் பத்தி எழுதினாரா?"

"தம்பியா? அவனுக்கு எங்க எழுத வரும்? நான்தான் கையைப் பிடிச்சு எழுத வைக்கிறேன். நில்லுங்க, என் பிள்ளை அழுவுறான். பால் குடுக்கணும்" என்று எழுந்தேன்.

வாசலில் நின்ற மருமகள், "அத்தை! என்ன பேசுறீங்க? அவருக்கு நாப்பத்தோரு வயசு, கீழ கடையில நிக்கிறார்" என்று அழ ஆரம்பித்தாள். அவளுக்குச் சொல்ல முடியாது. நல்லவள்தான், ஆனால் அவளிடம் சொன்னால் கடைக்கு வருகிற அத்தனை பேரும் மாத்திரையோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். வந்தவர் அவள் அழுவதைத்தான் பார்த்தார், என்னை அல்ல. பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

சாயங்காலம் மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மருமகள் என் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டாள். "இனிமே நான் வச்சுக்கிறேன் அத்தை. அடுப்புப் பக்கம் போக வேணாம்."

என் பயம் என்ன தெரியுமா? நடிக்கச் சிரமப்படுவேன் என்று நினைத்திருந்தேன். சிரமமே இல்லை. சொற்கள் தாமாக வந்தன.

ஐந்து நாள் இருக்கிறது. செபித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் 25ஆம் தேதிக் கடிதத்தைக் குடைக்காரர் போன வாரமே கொண்டுவந்து கொடுத்தார். "உங்க அக்காவுக்கு இப்படின்னு தெரியாமப் போச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் முன்கூட்டியே அறிந்திருந்தும் அதைப் படித்து அழுதேன். அந்த அழுகை பொய் அல்ல. அதுதான் அவரை நம்பவைத்தது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கையொப்பம் வந்துவிட்டது. வந்தால் கேட்டே ஆகவேண்டும். நேற்றுப் பத்து மணிக்கு வந்தார். 'இத்தூதரகத்தில் அரசால் தேடப்படும் எவருக்கேனும் அடைக்கலம் தரப்பட்டுள்ளதா?' என்று அச்சடித்த தாளைப் படித்தார்.

"இல்லை" என்றேன்.

எத்தனை எளிது! அதைத்தான் நான் முந்நூறு பக்கத்தில் எங்கும் எழுதவில்லை.

அவர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். மாடியில் குழந்தை இருமியது. இரண்டு முறை.

பேனா நின்றது. "யாரு, சமையல்காரரா? உடம்பு சரியில்லையா அவருக்கு?"

"ஆமாம். இரண்டு நாளாகப் படுக்கையில் இருக்கிறார்" என்றேன்.

அக்கா, சமையல்காரர் அப்போது தேநீர்த் தட்டோடு குடைக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு பொய்க்குத் துணை தேடி அவசரத்தில் இரண்டாவதைச் சொன்னவன், முன்னால் நிற்கும் மனிதரைப் பார்க்கவில்லை. சமையல்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கப்பல் சங்கு ஊதுவது போல் இருமத் தொடங்கினார். குடைக்காரர் திரும்பி அவரை வெகு நேரம் பார்த்தார். பிறகு 'இல்லை என்றார்' என்று எழுதி முடித்து என்னிடம் கையொப்பம் வாங்கினார்.

வாசலில் குடையை விரித்துக்கொண்டே சொன்னார். "சமையல்காரருக்குத் தேன் குடுத்துடாதீங்க. ஆகாது."

இரக்கமா, வலையா? எனக்குத் தெரியவில்லை. காத்திருந்து பார்க்க முடியாது. திங்கட்கிழமை என் வண்டியில் எல்லையைக் கடக்கிறோம். குழந்தையின் தந்தை, செயலரின் அங்கியிலும் அவருடைய தாள்களிலும். சமையல்காரர் வண்டி ஓட்டுவார். குழந்தையை எப்படி என்பதை எழுதமாட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நடக்கவேண்டியது நடந்திருக்கும்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

உன் கடிதம் 24ஆம் தேதி வந்தது. நீ சொன்ன திங்கட்கிழமை பத்து நாளைக்கு முன்பே போய்விட்டது. அந்தத் திங்கட்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மருமகள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆயர் இல்லத்துக்கு நடந்தேன். வாசற்கதவைத் தாண்டுவதற்குள் திருடியைப் போல் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். என் வீட்டில்! தலைமையகத்துக்கு உன் பை வந்ததாகச் செய்தி உண்டா என்று எழுத்தரிடம் கேட்டேன். எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று அவருக்கும் செய்தி போயிருக்கிறது. காது கேளாதவளிடம் பேசுவது போல் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "அந்த நாட்டுப் பை... ரெண்டு வாரமா... வரல அம்மா. நீங்க... வீட்டுக்குப் போங்க. யாரு கூட வந்தீங்க?"

ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பெரியவங்க பாத்துப்பாங்க" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன். பேராயர் என்ற சொல்லைத் தேடுகிறேன். கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடுகிறேன்.

ஒரு வரி எழுது. பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.

உன் அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நால்வரும் இருக்கிறோம். இந்தக் கடிதம் எல்லைக்கு இப்பாலிருந்து வருகிறது, உங்கள் பெயரிட்ட முத்திரை உறைக்குள். தலைமையகத்தில் எழுதி முடிக்கவேண்டியதை எழுதி முடிக்கும்வரை தனிக் கடிதம் அனுப்ப அனுமதி இல்லை. உங்களைக் காக்கவைத்துவிட்டேன்.

குழந்தையைப் பூசை உடைகள் வைக்கும் மரப்பெட்டியில் வைத்தோம். சமையல்காரர் அடிப்பலகையில் வரிசையாகத் துளையிட்டிருந்தார். எல்லையில் மூன்று மணி நேரம். அதிகாரி செயலரின் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இவர் யாரு?" "என் செயலர்." "பெட்டியில என்ன?" "பூசை உடைகள்." அதில் பாதி உண்மை. மேலே இரண்டு அங்கிகளை மடித்துப் போட்டிருந்தோம்.

குழந்தை இருமவே இல்லை. அதுதான் பயம். கம்பத்தைத் தூக்கி எங்களை விட்ட பிறகும் மூன்று கல் தொலைவுவரை பெட்டியைத் திறக்க எவருக்கும் துணிவு வரவில்லை. தந்தை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய் முதுகைக் காட்டி நின்றுவிட்டார். நான்தான் திறந்தேன். விழித்துக்கொண்டு அங்கியின் நூலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

தாயைப் பற்றிச் செய்தி இல்லை. அவள் இன்னும் அவர்கள் கையில். ஆகவே நடந்தது எதுவும் வெளியில் தெரியக் கூடாது. தெரிந்தால் கணக்கை அவளிடம் தீர்ப்பார்கள்.

ஓர் அரசிடம் எழுத்தில் பொய் சொன்னேன் என்று மேலிடத்துக்கு அறிவித்துப் பதவியைத் துறந்துவிட்டேன். அவர்கள் கோபிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். நூலை இனிக் குருமடங்களில் பாடமாக வைக்க வேண்டாம் என்றும் நானே கேட்டுக்கொண்டேன்.

ஒன்றுதான் தீரவில்லை. ஒரு குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியவில்லை, அக்கா. மனம் வருந்தாமல் மன்னிப்பு இல்லை என்று இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தினேன். முழங்காலிட்டு முயன்று பார்த்தேன். வருத்தம் வரவில்லை. மறுபடி கேட்டால் மறுபடி சொல்வேன். நான் என்ன செய்வது?

தம்பி


ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பிறகு எரித்தேன். அந்த இரண்டு படிப்புக்கும் இடையில் எனக்கு முழங்கால் வலிக்கவில்லை.

பாவசங்கீர்த்தனம் பற்றி. கடவுள்மேல் உள்ள அன்பால் வருகிற உத்தம மனஸ்தாபம் வராவிட்டாலும், தண்டனைக்குப் பயந்து வருகிற மனஸ்தாபமே போதும் என்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் கன்னியர் மடத்து மதர் சொல்லிக்கொடுத்தார். பயத்துக்கு நம் இருவரிடமும் பஞ்சம் இல்லை. நீ இறையியல் படித்தவன், மறுப்பாய். மறுக்காதே. நானும் இன்னும் போகவில்லை. போனால் சேர்ந்து போவோம். நான் முன்னால் நிற்பேன், நீ பின்னால் நில். ஆனால் உன்னிடம் மட்டும் நான் பாவசங்கீர்த்தனம் செய்யமாட்டேன். உன்னைக் கால்கழுவி வளர்த்தவள் உன் முன் மண்டியிட முடியாது.

இனி என் செய்தி. போன வாரம் ஒருநாள் தாங்க முடியாமல் மருமகளிடம் வாயைத் திறந்துவிட்டேன். பாதிதான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி அத்தை. குழந்தையைப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டுபோனாங்க, இல்ல? சரி. கவலைப்படாதீங்க. இந்த மாத்திரையைப் போட்டுக்கோங்க" என்றாள். அவள் நம்பவில்லை. நல்லதாகப் போயிற்று. அந்தத் தாய் வெளியில் வரும்வரை நான் புத்தி தடுமாறியவளாகவே இருந்தாகவேண்டும். துணைத்தூதரகத்து மனிதர் போன மாதம் மறுபடியும் கடையில் வந்து தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாராம். "அப்படியேதான்" என்று மருமகள் சொல்லியிருக்கிறாள்.

இருபதாம் தேதி என்னைக் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். தனி அறை, சன்னலுக்குக் கம்பி. மகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் சம்மதித்துத் தலையாட்டினேன். என்ன சொல்லி மறுப்பது?

இதுவரை எழுதியதில் உனக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. ஆனால் நேற்றுக் காலை நான் கடைக்கு இறங்கிப் போய் உன் அத்தானைச் சாப்பிடக் கூப்பிட்டேன். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மகன் கிடங்கில் இருந்தான், மருமகள் சந்தைக்குப் போயிருந்தாள். நடிக்க வேண்டிய தேவையே இல்லை. கூப்பிட்டு, பதிலுக்காக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

பழக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு மாதம் ஒரே வேடம் போட்டால் வாய் தானாகப் பேசும். அப்படித்தான் இருக்கவேண்டும். வீட்டில் கேட்க முடியாது, மருத்துவரிடம் கேட்க முடியாது. நான் தெளிவாக இருந்தேன் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நீ. "ஒன்றுமில்லை அக்கா, நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்" என்று உடனே எழுதுவாய். எனக்குத் தெரியும். போன வருடம் நீ அப்படி எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருப்பேன்.

ஆகவே எழுதாதே. இருபதாம் தேதிக்குள் நேரில் வா. வந்து என் எதிரில் உட்கார். நான் பேசுகிறேன். உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உன் அக்கா